கடல் கடந்து மீண்டவரின் ஏடுகள்

நாட்டு வரலாறு அரசரையும் போரையும் பற்றிப் பேசும். குடும்ப வரலாறு தாய் தந்தையரையும் பாட்டன் பூட்டனையும் பற்றிப் பேசும். இரண்டுக்கும் சான்று வேண்டும். காணி பூமியுடைய குடும்பத்தார்க்கு உறுதிகளும் தோம்புகளும் சான்றாகின்றன. கோயிற்கு மானியம் ஈந்தார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் சான்றாகின்றன. ஆனால், ஒரு சாண் நிலமேனும் தம் பெயரில் இன்றி, கடல் கடந்து வந்து, பிறர் தோட்டத்தில் உழைத்து, மூன்று நான்கு தலைமுறைக்குப் பின் மீண்டும் கடல் கடந்து சென்ற குடும்பங்களுக்கு எந்த ஏடு சான்றாக நிற்கும்? இவ்வினாவே இன்றைய பேச்சின் பொருளாகும்.

திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய தமிழகப் பகுதிகளிலிருந்து இலங்கை மலைநாட்டுக்கு வந்தவர்களையும், அவர்தம் வழியில் தோன்றிப் பின்னர்த் தமிழகம் திரும்பியவர்களையும் பற்றியே பேசப் புகுகின்றேன். இன்று பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இவர்களின் பேரப்பிள்ளைகள் வாழ்கின்றனர். தலவாக்கலையில் உள்ளவருக்குக் கோத்தகிரியில் சிற்றப்பன் மக்கள் உளர். கூடலூரில் உள்ளவருக்குப் பதுளையில் அத்தை மக்கள் உளர். தம் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தத் தோட்டத்தில் வாழ்ந்தது, எக்காலத்தில் பிரிந்தது என்று அறிய விழைவோர் இரு நாடுகளிலும் பெருகி வருகின்றனர். அவர்களுக்கு இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கன்று. ஏடு கிடைத்தவன் குடிமகனாகவும், ஏடு கிடையாதவன் நாடற்றவனாகவும் எண்ணப்பட்ட வரலாறு இவர்களுடையது.

முதற்கண், மீண்டவர் எக்காலத்தில் மீண்டார் என்பதைத் துணிதல் வேண்டும். காலத்துக்கேற்ப ஏடுகளும் வேறுபடும். 1823ஆம் ஆண்டளவில் கம்பளைக்கருகே கோப்பிப் பயிர்ச்செய்கை தோட்ட முறையில் தொடங்கிற்று. அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்தோருட் பெரும்பாலோர் குடியேற வந்தவரல்லர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, கூலி பெற்று, ஊரில் வயல்வேலை தொடங்குங்கால் திரும்பினர். மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையையும் மாத்தளையையும் நோக்கி நடந்தனர். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்குப் பதிவுமில்லை, நடுகல்லுமில்லை. அக்காலத்து அரசாங்க ஏடுகளில் வந்தோர் தொகையும் சென்றோர் தொகையும் காணலாம். ஆளின் பெயர் காண்பது மிக அரிது.

1869ஆம் ஆண்டிற் கோப்பி இலையைப் பற்றிய நோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவம் உண்டு. தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து பறித்தல் வேண்டும். ஆகவே, பருவந்தோறும் வந்து சென்றவர்கள் குடும்பத்தோடு லயங்களில் நிலைகொண்டனர். பிறப்பும் இறப்பும் விவாகமும் மலைநாட்டிலேயே நிகழ்ந்தன. திரும்புதல் அருகிற்று. 1930ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் நேர்ந்த பொருளாதார மந்தத்தின்போது தோட்ட வேலை குன்றவே, பலர் ஊருக்கு அனுப்பப்பட்டனர். 1939ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இந்திய அரசாங்கம் இலங்கைக்குக் கூலியாட்கள் செல்வதைத் தடைசெய்தது. இறுதியாக, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பேரில் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். பருவத்தில் மீண்டவர், மந்தத்தில் மீண்டவர், ஒப்பந்தத்தில் மீண்டவர் என மூவகையினராக இவர்களைக் கொள்ளலாம். ஏடுகள் மிகுதியும் கிடைப்பது மூன்றாம் வகையினர்க்கே.

இவ்வேடுகளை யார் எழுதினர், எதற்காக எழுதினர் என்பதை மறத்தலாகாது. இவற்றுள் ஒன்றேனும் தொழிலாளியின் வரலாற்றைப் பேணும் நோக்கத்தோடு எழுதப்பட்டதன்று. கடனைக் கணிக்கவும், தலையை எண்ணவும், நோயைத் தடுக்கவும், செலவை வசூலிக்கவுமே எழுதினர். எனினும், அவ்வாறு எழுதியவற்றின் இடையே ஓர் ஆளின் பெயர் அகப்பட்டுவிடின், அதுவே நமக்கு வரலாறாகின்றது.

எடுத்துக்காட்டாகத் தகரச் சீட்டைக் கூறலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை வந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணும் ஆளுக்குரிய தொடரெண்ணும் பொறித்த சிறு தகட்டைக் கயிற்றிற் கோத்து, வருவோர் கழுத்தில் அணிவித்தனர். அதைக் காட்டியவர்க்கு வழியில் உணவும் பயணமும் கிடைக்கும். செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். பண்டத்துக்கு ஒட்டும் முகவரிச் சீட்டைப் போன்றதே இது. ஆயினும், பழைய றங்குப் பெட்டியின் அடியில் அத்தகடு ஒன்று இன்று அகப்படுமாயின், பாட்டன் முதன்முதலாக எந்தத் தோட்டத்துக்கு வந்தான் என்பதை அறிய அதைவிட நேரான சான்று வேறில்லை.

அடுத்தது துண்டு. தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு மற்றொரு தோட்டத்துக்குச் செல்லுங்கால், அவனுடைய கடன் இவ்வளவு என்று எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கே துண்டு என்று பெயர். புதிய தோட்டத்தார் அக்கடனைத் தீர்த்தே ஆளை ஏற்றுக்கொள்வர். கடனும் ஆளோடு சேர்ந்து கைமாறிற்று. இம்முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் முன் எழுதப்பட்ட துண்டு எவர் கையிலேனும் எஞ்சியிருப்பின், ஒரு குடும்பம் தோட்டம் மாறிய வரலாற்றை அது காட்டும். மூன்றாவது செக்றோல் எனப்படும் பெயர்ப் பதிவேடு. காலைப் பெரட்டில் நின்றவர் யார், எத்தனை நாள் வேலை செய்தனர், எவ்வளவு சம்பளம் பெற்றனர் என்பன அதிற் கண்டவை. செக்றோலிற் பெயர் ஏறுவதே தோட்டத்தில் ஓர் ஆளாவதற்கு அடையாளம் எனக் கருதப்பட்டது. பதின்பருவத்துப் பையனின் பெயர் எந்த ஆண்டில் ஏறிற்று, முதியவளின் பெயர் எந்த ஆண்டில் நீங்கிற்று என்பவற்றைக் கொண்டு ஒரு குடும்பத்தின் கால அட்டவணையையே வகுத்துவிடலாம்.

ஆனால், செக்றோலை வாசிக்கும் முறை ஒன்றுண்டு. அதில் ஆட்கள் கங்காணியின் கீழ் வகுக்கப்பட்டிருப்பர். ஒரு தோட்டத்தில் முத்துசாமி என்ற பெயருடையார் பத்துப்பேர் இருக்கலாம். கங்காணியின் பெயரை அறிந்தால்தான் நம் முத்துசாமி யாரெனத் துணியலாம். கங்காணி பெரும்பாலும் தன் ஊராரையும் உறவினரையுமே அழைத்து வந்தான். ஆகையால், கங்காணியின் ஊர் தெரியுமாயின் தொழிலாளியின் ஊரும் அதன் அண்டையிலேயே இருத்தல் கூடும். தம் பாட்டனின் கங்காணி யார் என்று முதியோரிடம் கேட்டறிதல் இவ்வாராய்ச்சியில் பெரும்பயன் தரும் வினா எனலாம்.

பெயர்களின் தொல்லை இதனோடு முடிவதன்று. நம்மவர்க்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தை பெயரை முன்வைத்துத் தம் பெயரை எழுதுவது வழக்கம். மகன் காலத்தில் பாட்டன் பெயர் மறைந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பெயரைக் கைவிட்டுச் செல்கின்றது. போதாக்குறைக்கு, இராமசாமி என்ற ஒரே பெயரை ஆங்கிலம் அறிந்த எழுதுவினைஞர் நான்கு வகையாக எழுதினர். சிங்களப் பதிவாளர் காதிற் கேட்டவாறு சிங்கள எழுத்தில் எழுதினர். வயது ஊகத்தால் எழுதப்பட்டது. தோட்டத்துக்கும் இரண்டு பெயர்கள் இருந்தன: ஒன்று துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர், மற்றொன்று தொழிலாளர் வழங்கிய தமிழ்ப் பெயர். பாட்டி கூறும் தோட்டப்பெயர் அரசாங்க ஏட்டில் இல்லையென்று மனம் சோர்வார் பலர். அத்தோட்டம் வேறு பெயரில் அங்கே இருக்கும். துரையின் பெயர் நினைவிலிருந்தால், ஃபேர்குசன் பெயரால் ஆண்டுதோறும் வெளிவந்த இலங்கை வழிகாட்டி நூல்களைப் புரட்டலாம். எந்தத் தோட்டத்துக்கு எவர் துரையாக இருந்தார் என்பது அவற்றிற் காணப்படும். தோட்டத்தோடு காலமும் அதனால் தெளிவாகும்.

இனி, பிறப்புப் பதிவுக்கு வருவோம். இலங்கையில் பிறப்பு, இறப்பு, விவாகங்களை அரசாங்கம் பதியும் முறை 1860களில் ஒழுங்குபெற்றது. எனினும், மலைச்சரிவின் லயத்தில் பிறந்த குழந்தைகள் எல்லாம் பதியப்பட்டதில்லை. பிறப்பைப் பதிவாளருக்கு அறிவிக்கும் பொறுப்பு தோட்ட நிருவாகத்தின் கையில் இருந்தது. கவனமுடைய துரை இருந்த தோட்டத்தில் பதிவு நிறைந்திருக்கும். அல்லாத தோட்டத்தில் வெற்றிடமே இருக்கும். மற்றொரு வழக்கத்தையும் கருதுதல் வேண்டும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்வது தமிழர் மரபு. தாய்வீடு திருச்சிராப்பள்ளியில் இருந்தால், கருவுற்ற பெண் கடல் கடந்து சென்று அங்கே பிள்ளை பெற்றுத் திரும்புவாள். இலங்கையிலேயே வளர்ந்து, இலங்கையிலேயே உழைத்த அப்பிள்ளை, ஏட்டின்படி இந்தியாவிற் பிறந்தவனாயினான்.

இச்சிறு வழக்கத்தின் விளைவு பின்னர்ப் பெரிதாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இலங்கையிற் பிறந்த ஒருவர் வம்சாவழிக் குடிமகனாவதற்கு, தம் தந்தை இலங்கையிற் பிறந்தவர் என்றோ, அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையிற் பிறந்தவர்கள் என்றோ இருத்தல் வேண்டுமென விதித்தது. சான்று எங்கே? தந்தை பிறந்தபோது பதிவு இல்லை. பாட்டனின் பெயரே பேரனின் பெயரில் இல்லை. அரசாங்கமும் தோட்டமும் எழுதாதுவிட்ட ஏட்டைத் தொழிலாளியிடம் கேட்டது சட்டம். ஏடு இல்லாமை நாடு இல்லாமையாக முடிந்தது. மலைநாட்டுத் தமிழருட் பெரும்பாலோர் அச்சட்டத்தால் குடியுரிமையற்றவராயினர்.

1949ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானியருக்கான தனிச்சட்டம் ஒன்று வந்தது. மணமானவர் 1946 சனவரி முதலாம் திகதிக்கு முன் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்ததை மெய்ப்பித்தல் வேண்டும். 1951 ஆகஸ்டு மாதத்துக்குள் சுமார் 2,37,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவற்றில் 8 இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயர்கள் அடங்கியிருந்தன. குடியுரிமை பெற்றோரோ சுமார் 1,34,000 பேரே. ஆயினும், வரலாறு தேடுவார்க்கு இவ்விண்ணப்பங்கள் அரிய கருவூலம் ஆகும். குடும்பத்தாரின் பெயர், வாழ்ந்த தோட்டம், ஊருக்குச் சென்று மீண்ட நாள், செக்றோற் பிரதி, துரையின் கடிதம், பாடசாலை இடாப்பு எனப் பல சான்றுகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது அப்பொழுதுதான். மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் படி வீட்டில் இருந்தாலும் அதை எறிந்துவிடலாகாது. அரசு ஏற்க மறுத்த அதே தாள், குடும்பத்தின் கதையை மறுக்காது கூறும்.

1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் ஒன்று செய்தனர். நாடற்றவர் தொகை 9,75,000 எனக் கொள்ளப்பட்டது. அவருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கவும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் முடிவு செய்யவும் இசைந்தனர். 1974ஆம் ஆண்டில் அவ்வெச்சத்தை இரு நாடுகளும் பாதி பாதியாகப் பங்கிட்டன. மக்களோ இவ்வெண்களுக்கு ஏற்ப அமையவில்லை. இலங்கைக் குடியுரிமை கேட்டோர் ஒதுக்கிய தொகையினும் மிகுந்தனர். இந்தியக் குடியுரிமை கேட்டோர் குறைந்தனர். ஒரே குடும்பத்தில் அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மற்றொரு நாட்டுக்கும் ஆயினர். தலைமன்னாருக்குப் புறப்பட்ட இரயிலை மலைநாட்டார் ‘அழுகைக் கோச்சி’ என்று அழைத்தனர். தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பல் 1984ஆம் ஆண்டளவில் நிற்கும்வரை, மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் இவ்வழியிற் சென்றனர்.

இவ்வாறு சென்றோருக்கு இந்திய உயர் ஸ்தானிகராலயத்தினர் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் வழங்கினர். குடும்ப அட்டையைக் காட்டியே தமிழகத்தில் மறுவாழ்வு உதவி பெறுதல் வேண்டும். மண்டபம் முகாமில் இறங்கியோர் பல திசைகளிற் பிரிந்தனர். நீலகிரியில் தாயகம் திரும்பியோர்க்கென 1968ஆம் ஆண்டு முதல் அரசு அமைத்த தேயிலைத் தோட்டங்களுக்குச் சிலர் சென்றனர். நூலாலைகளுக்கும், கேரளத்திலும் கருநாடகத்திலும் உள்ள இறப்பர்த் தோட்டங்களுக்கும் சிலர் சென்றனர். வியாபாரக் கடன் பெற்று அறியாத ஊர்களில் அலைந்தோரும் பலர். முன்னோர் ஊர் என்று நம்பிச் சென்ற இடத்தில், ஊரார் இவர்களைச் ‘சிலோன்காரர்’ என்றே அழைத்தனர். ஒரு நாட்டில் இந்தியர், மற்றொரு நாட்டில் இலங்கையர் எனப்பட்டனர்.

இனி, தேடும் முறையைச் சுருங்கக் கூறுவேன். முன்னோரிலிருந்து தொடங்கிக் கீழிறங்க முயல்வது வீண். நம்மிடமுள்ள அண்மைக் காலத்து ஏட்டிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். மீண்ட குடும்பத்தார் குடும்ப அட்டையையும் கடவுச்சீட்டையும் முதலில் எடுத்துக்கொள்க. பெயர், வயது, உறவுமுறை, பிறந்த இடம் ஆகியவை அவற்றில் உள்ளன. பிறந்த இடம் தெரிந்தால் இலங்கையில் அம்மாவட்டத்துப் பிறப்புப் பதிவேட்டை நாடலாம். திகதி தெரியாவிடின், உத்தேசமான ஆண்டுகளைக் குறித்துத் தேடுமாறு விண்ணப்பிக்கலாம். பிறப்புப் பதிவில் பெற்றோரின் பெயரும் தோட்டத்தின் பெயரும் கிடைக்கும். அங்கிருந்து பெற்றோரின் விவாகப் பதிவுக்கும், பாட்டனின் இறப்புப் பதிவுக்கும் செல்க. பிறப்புப் பதியப்படாதவரின் இறப்பு பதியப்பட்டிருக்கலாம். கிறித்தவக் குடும்பமாயின் திருச்சபைகளின் ஞானஸ்நான இடாப்புகளையும் பார்த்தல் நன்று. பின்னர்த் தோட்டக் காரியாலயத்தை நாடலாம். ஆனால், தோட்டங்கள் 1972ஆம், 1975ஆம் ஆண்டுகளில் அரசுடைமையாகி, 1992ஆம் ஆண்டில் கம்பனிகளின் நிருவாகத்துக்கு மாறின. அத்தனை கைமாற்றத்துக்கும் கறையானுக்கும் தப்பிய ஏடு உள்ள தோட்டம் கிடைப்பது நல்லூழ். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்திலும், சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் குடியேற்றம் பற்றிய அரசாங்க அறிக்கைகள் உள்ளன. தனியாளின் பெயரை நாடிச் செல்வோர்க்கு இவை உடனே விடை தாரா. காலத்தையும் வழியையும் விளங்கிக்கொள்ள உதவும்.

ஏடு நின்றுவிடும் இடத்தில் வாய்மொழி தொடரும். ஊரின் பெயரை மறந்த குடும்பமும் தன் குலதெய்வத்தின் பெயரை மறப்பதில்லை. குலதெய்வக் கோயில் எந்த ஊரில் உள்ளது, பிடிமண் எங்கிருந்து கொண்டுவரப்பட்டது என்று கேட்டால், தொலைந்த ஊர் அகப்படுதல் கூடும். மலைநாட்டுப் பாடல்களிலும் ஊர்ப்பெயர்களும் வழிப்பெயர்களும் கங்காணி பெயர்களும் பொதிந்துள்ளன. அவற்றைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளைக்கு நாம் கடப்பாடுடையோம். ஆயினும், வாய்மொழியை அவ்வாறே ஏற்றலும் தகாது. பாட்டி கூறிய பஞ்சம் எந்தப் பஞ்சம்? 1876ஆம் ஆண்டு தொடங்கிய பெரும்பஞ்சமா, பிற்காலத்ததா? பாட்டன் நடந்து வந்தான் என்பது கதை. வடபாதை 19ஆம் நூற்றாண்டின் முடிவோடு கைவிடப்பட்டது. 1914ஆம் ஆண்டு முதல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று. நடந்து வந்தவனாயின், 19ஆம் நூற்றாண்டிலேயே வந்தவனாதல் வேண்டும்; இன்றேல், நடந்தவன் பாட்டன் அல்லன், பூட்டனே. இவ்வாறு கதையைக் காலத்தோடு பொருத்திப் பார்ப்பதே ஆராய்ச்சி.

இவையெல்லாம் பழங்கதையாயினவோ எனின், இல்லை. 2003ஆம் ஆண்டின் சட்டம், 1964 அக்டோபர் 30ஆம் திகதி முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்தம் சந்ததியாருக்கும் குடியுரிமை வழங்கிற்று. போர் காரணமாக இந்தியா சென்றவர்க்கு இடையூறாக இருந்த விதி 2009ஆம் ஆண்டிற் திருத்தப்பட்டது. 1983ஆம் ஆண்டின் வன்செயலுக்குப் பின் அகதிகளாய்த் தமிழகம் சென்றோருள்ளும் மலைநாட்டார் உளர். தம் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்களே என்று காட்டி அங்கே குடியுரிமை கேட்டு, நீதிமன்றப் படி ஏறியோரும் உளர். இவர்கள் அனைவரிடமும் கேட்கப்பட்ட முதல் வினா ஒன்றே: பாட்டன் யார், எவ்வூரான், அதற்குச் சான்று என்ன?

ஆகவே நேயர்களே, உங்கள் இல்லத்தில் முதியோர் இருப்பின், இவ்வாரமே அவர்களிடம் அமர்ந்து பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். பாட்டன் பாட்டியின் பெயர், தோட்டத்தின் இரு பெயர்கள், பிரிவு, கங்காணி, துரை, குலதெய்வம், ஊர், தாலுகா, கப்பலேறிய ஆண்டு, உடன் சென்றவர், இங்கே தங்கியவர் என்பவற்றைக் குறியுங்கள். பெண்களின் பெயர்களையும் தவறாது எழுதுங்கள். மகளும் மருமகளும் தோட்டம் மாறிய வழியிலேயே பல குடும்பங்களின் தொடர்பு மறைந்து கிடக்கின்றது. பழைய அட்டையும் சீட்டும் கடிதமும் இருப்பின் படியெடுத்து, ஒரு படியைக் கடலுக்கு அப்பாலுள்ள உறவினருக்கு அனுப்புங்கள். ஒரு கரையில் அழிந்தாலும் மறுகரையில் அது எஞ்சும். இரண்டு நூற்றாண்டாக இம்மக்களைப் பற்றிப் பிறரே எழுதினர். தம் பேரேட்டைத் தாமே எழுதும் காலம் இது.